மகள் என்று எழுதிய அடிபம்பு

எங்கள் குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. பஹ்ரைனில், மனாமாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிறந்தாள் என்றுதான் சொல்ல வருகிறது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. என் மனைவி எழுந்திருக்க முடியாமல் வார்டில் கிடந்தபோது, நானும் கோவிலில் பழக்கமான சில ஆண்களும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். ஃபாதர் சுருக்கமாக ஜெபம் சொன்னார். வெயில் ஏறிவிட்டது என்று எல்லோரும் வண்டிக்குத் திரும்பினார்கள்.

நான் வார்டுக்குப் போனதும் அவள் கேட்டாள்.

"மண்ணு எப்படி இருந்துச்சு?"

"காஞ்ச மண்ணு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் இருவருக்கும் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். அவள் மனாமாவில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். நான் நிலத்தடி நீரை அளக்கும் கம்பெனியில் டெக்னீஷியன். அங்கே குதைபியா பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில், மாடியில் எங்கள் வீடு. கீழே ஒரு மளிகைக்கடையும் சலூனும். குழந்தைக்கென்று வாங்கிய தொட்டிலைப் பிரிக்காமலே, கட்டிய அட்டைப்பெட்டியோடு, கோவிலில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டுக்கு வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. அவள் அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொடுத்தது சரியா தப்பா என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

லீவு முடியும் முன்பே டியூட்டிக்குப் போய்விட்டாள். அங்கேதான் கஷ்டம். வயிற்றோடு அவளைப் பார்த்திருந்த நோயாளிகள் திரும்ப வரும்போது, "குழந்தை எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்பார்கள். முதலில் ஒருவரிடம் உண்மையைச் சொன்னாள். அந்த அம்மா அங்கேயே அழத் தொடங்கிவிட, இவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கிவிடுவாளாம். இதை அவள் என்னிடம் சொன்னது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் கம்பெனி மேலாளர் பஹ்ரைன்காரர். அரபியில் மேலாளரைச் சொல்வதுபோல முதீர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒருநாள் என்னை அறைக்குள் அழைத்து உட்கார வைத்து, அரபுக் காப்பியான காவா ஊற்றிக் கொடுத்தார். அவருடைய தாயார் இறந்தபோது, அவர் நினைவாகக் குடும்பத்தார் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தெற்கே சில கிராமங்களுக்கு அடிபம்பு போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்த வருடமும் போடுகிறார்களாம்.

"அதில் ஒன்று உன் மகள் பேரில், பாய். மறுக்காதே. இறந்தவர்களுக்காகத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். குடிக்கிற ஒவ்வொருவரும் அவளை நினைப்பார்கள்."

எனக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. இருபது வருடமாக அந்தத் தொழிலில் இருக்கிறவன் நான். தூரதேசத்தில் போர்வெல் போட்டு, பிள்ளைகளை நிற்க வைத்து போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் அந்தத் திசைக்கே போகாதவர்கள் பலர் உண்டு. வாஷர் தேய்ந்தாலே பம்பு நின்றுவிடும். நீர்மட்டம் இறங்குகிறதா, உப்பு ஏறுகிறதா என்று யார் பார்ப்பார்கள்? இதை அவரிடமே சொன்னேன். "போட்டால் மட்டும் போதாது முதீர். மாசாமாசம் அளக்கணும். அந்த ஊர்க்காரங்களே அளக்கணும்."

"அப்படியே செய்வோம். நம் கருவிகளையே அனுப்பு," என்றார்.

கிணற்றுக்குள் இறக்கும் அளவு நாடாக்களையும், உப்பு பார்க்கும் மீட்டர்களையும் நானே பொதிந்து அனுப்பினேன். அந்த மாவட்டத்துத் தண்ணீர் அலுவலகத்துக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர்க் குழுவில் ஒருவருக்கு அளக்கப் பழக்கிக் கொடுத்தார்கள்.

பம்பின் மேடையில் பதிக்கும் பலகைக்குப் பெயர் கேட்டார்கள். எங்களிடம் பெயர் இல்லை. ஞானஸ்நானத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். நான் இரண்டு மூன்று பெயர்களைச் சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இனிமே வச்சு யார் கூப்பிட? மகள்னு மட்டும் போடச் சொல்லுங்க. தமிழ்லயே."

அப்படியே எழுதி அனுப்பினேன். படம் வந்தது. ஈரமான சிமென்ட் மேடையில் மூன்று தமிழ் எழுத்துகள்; எழுத்து தெரியாத யாரோ அதைப் படம் மாதிரி பார்த்து வரைந்திருந்தார்கள். 'ள்' கொஞ்சம் சாய்ந்திருந்தது. பின்னால் வாளிகளோடு பெண்கள். அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அந்த ஊரில் அளக்கிறவர் ஒரு பெண். என் மனைவியைவிடச் சற்று மூத்தவர், மக்காச்சோளம் பயிரிடுகிறவர், நாலு பிள்ளைகளுக்குத் தாய். பள்ளியில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் உண்டு. பம்புக்குப் பக்கத்திலேயே அளப்பதற்கென்று குழாய் இறக்கியிருந்தார்கள். அதில் நாடாவை விடுவார், நுனி தண்ணீரைத் தொட்டதும் கருவி பீப் என்று கத்தும், எண்ணைச் சொல்வார். இதையெல்லாம் குரல்பதிவாக எனக்கு அனுப்புவார். ஒருமுறை நான் அதை வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து இவள் வந்து நின்றாள். அடுத்த மாதம் அவளே கேட்டாள். "வந்துச்சா?"

பிறகு அவர்கள் இருவரும் வீடியோவில் நேராகப் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்தப் பெண் சோளக்கொல்லையைக் காட்டுவார். இவள் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே கடலைக் காட்டுவாள். அந்தப் பம்புக்கு ஊரார் 'குழந்தையின் பம்பு' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அதைச் சொன்னபோது இவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருடம் அங்கே மழை பொய்த்தது. சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகியது. சுற்றுவட்டாரத்தில் திறந்த கிணறுகள் வற்றிப்போக, எல்லோரும் குழந்தையின் பம்புக்கே வந்தார்கள். விடிந்தது முதல் பம்பு ஓயவில்லை. மாதாமாதம் நீர்மட்டம் இறங்கியது. அது மழை வந்தால் ஏறிவிடும். எனக்குக் கலக்கம் தந்தது இன்னொரு எண். உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்தப் பள்ளத்தாக்கில் நல்ல தண்ணீருக்குக் கீழே பழைய உப்புநீர் தங்கியிருக்கிறது. மேலே உள்ளதை அதிகம் உறிஞ்சினால் கீழே உள்ளது எழும்பி வரும். நான் வேலை செய்கிற தீவிலும் இதே கதைதான். இங்கே பேரீச்சந்தோட்டங்களில் நான் அளக்கும் கிணறுகளில் பாதி, கடலை விழுங்கி வெகுகாலம் ஆகிவிட்டது.

நான் சொல்லுமுன்பே என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் அனுப்பியிருந்தார்: "தண்ணீர் கரிக்கிறது. பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுத் துப்புகிறார்கள்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதுவும் செத்துருமா?"

எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். "குடிக்க ஆகாது பிள்ள," என்றேன்.

அவள் அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாம தொட்டது ஒண்ணும் தங்காது போல," என்றாள்.

அந்த வருடம் மாவட்ட அலுவலகத்துக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னை அனுப்புவதாக முதீர் சொன்னார். நானும் வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வைத்திருந்த லீவை எடுத்துக்கொண்டாள். அடிஸ் அபாபாவில் விமானம் மாறிப் போனோம். பயிற்சி முடிந்த மறுநாள், அலுவலகத்து வண்டியில், புழுதி பறக்கும் பாதையில் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மேடை காய்ந்து கிடந்தது. அந்தப் பெண் எங்களை நோக்கி வந்தார். "அமாயி," என்று சொல்லி இவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் மொழியில் வயதுக்கு வந்த எந்தப் பெண்ணையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா என்றுதான் பொருள். எல்லாப் பெண்களையும் கூப்பிடுகிற சொல் என்று இவளுக்குத் தெரியாது; அம்மா என்பது மட்டும் புரிந்தது. அதுவரை இவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முகம் கோணிக்கொண்டு வர, சமாளித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர்க் குழுவின் பெண்கள் மாமர நிழலில் பாய் விரித்திருந்தார்கள். வண்டியில் எங்களோடு வந்த அதிகாரி மொழிபெயர்த்தார். ஊருக்கு மேட்டில் வேறொரு இடத்தில் போர் போட்டுப் பார்த்தார்களாம். தண்ணீர் குறைவு, ஆனால் உப்பில்லை. அதற்குப் பம்பு வாங்க வழியில்லை. இங்கே இருப்பதைக் கழற்றிக்கொண்டுபோய் அங்கே மாட்டலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். ஆனாலும் யாரும் கை வைக்கவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் இவளைப் பார்த்துச் சொன்னார். "இது குழந்தையின் பம்பு. தாயைக் கேட்காமல் எப்படி எடுப்பது? நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்தது. காத்திருந்தோம்."

அதுவரை அந்தப் பெண்கள் ஆற்றங்கரையில் தோண்டிய ஊற்றிலிருந்து கலங்கல் தண்ணீரைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இவளுக்கு அது புரிந்ததும், "எடுங்க, இன்னிக்கே எடுங்க," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். "குழந்தையை யார் புதைத்தது?"

"என் வீட்டுக்காரரும் வேறு ஆண்களும். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்."

அதிகாரி அதை மொழிபெயர்த்ததும் பெண்களுக்குள் ஒரு முனகல் எழுந்தது. "எங்கள் ஊரில் இப்படிப் பிறக்கிற பிள்ளையைப் பெண்கள்தான் கொண்டுபோவோம்," என்றார் அவர். "உன்னோடு பெண்கள் யார் உட்கார்ந்தார்கள்?"

இவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "யாரும் இல்லை," என்றாள்.

அப்போது அவர்கள் எழுந்து பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பம்பு மேடைக்குப் பக்கத்தில் விரித்தார்கள். இவளை நடுவில் உட்கார வைத்தார்கள். அதிகாரி என் முழங்கையைத் தொட்டு அப்பால் கூட்டிக்கொண்டு போனார். அது ஆண்கள் நிற்கிற இடமில்லை. வண்டிக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர்கள் இவளைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு பெண் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. எங்கள் கடற்கரையில் சாவு வீட்டில் பெண்கள் அழுகிற அழுகை. "என் பெத்த மவளே" என்று அவள் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு ஸ்பேனர்களோடு ஆட்கள் வந்தார்கள். பம்பின் தலையைக் கழற்றி, உள்ளேயிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள். அவள் பக்கத்திலேயே நின்று, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்தாள். துளையை இரும்பு மூடி போட்டு மூடினார்கள். மேடையில் எழுதியிருந்ததைப் பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டார்கள்.

"வேண்டாம். இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

மேட்டில் போட்ட பம்பு ஓடுகிறது என்றுதான் கடைசியாகக் கேள்விப்பட்டேன். ஆனால் ஒன்றிரண்டு குடம் பிடித்தபின் சிறிது நேரம் காத்திருக்க வேண்டுமாம். ஊரில் சில குடும்பங்கள் ஆற்றுக்கு அக்கரையில் உறவுக்காரர்களிடம் போய்விட்டன. அளக்கிற அந்தப் பெண்ணும் போய்விட்டார். அவருடைய போன் எண்ணை இப்போது வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்.

முதீரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கண் கலங்கினார். "வேறு ஊரில் இன்னொன்று போடுகிறேன். அதே பேரில்," என்றார். வீட்டில் கேட்டேன். போடட்டும், ஆனால் அவர் தாயார் பேரிலேயே போடட்டும் என்று சொல்லிவிட்டாள். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. இனி இருக்கும் என்றும் தோன்றவில்லை.

மலாவியிலிருந்து நாங்கள் திரும்பி வந்த வாரமே, இங்கே விடுமுறையான வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஊரிலிருந்து அவள் அக்கா போனில் கூப்பிட்டாள். வழக்கமான பேச்சுத்தான் பேசினார்கள். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் இவள் குரல் தணிந்தது.

"அக்கா, அவளுக்குத் தலை நிறைய முடி. நம்ம அப்பா மாதிரி சுருட்டை. காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம்கூட இருந்துச்சு."

பிரசவ அறையில் அவள் பார்த்திருக்கிறாள்; நான் பார்த்திருக்கவில்லை. துணியில் சுற்றித்தான் என் கையில் கொடுத்தார்கள். கையைக் கழுவாமலே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.