சற்குணத்தாரின் வாசல் பொருத்தம்

கார் நின்றதும் சற்குணத்தார் கதவைத் திறக்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். ஊசி ஆடி அடங்கும்வரை காருக்குள் யாரும் அசையக் கூடாது. பக்கத்தில் இருக்கிற மனைவி இராசமலருக்கு இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"பொறும், பொறும். இன்னும் நிக்கேல்லை."

காரின் இரும்பு ஊசியைப் பிழையாக இழுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் இப்போது வெளியே இறங்கி நின்று இரண்டாம் முறையும் பார்க்கிறார். அதற்காக முதல் முறையை விட்டுவிட்டாரா என்றால் அதுவும் இல்லை.

இந்த நாட்டில் ஓகஸ்ட் குளிர்காலம். அந்த ஓகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, நகரத்து ஓரத்தில் மாசி என்கிற பகுதியில் ஒரு வீட்டின் முன்னால் நின்று அப்படித்தான் பார்த்தார்.

"தெற்கு," என்றார். வீட்டுக்குள் பாம்பு கிடக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

இராசமலர் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் ஒரு சின்னப் பிள்ளையார் படமும், கடதாசியில் சுற்றிய உப்பும், ஒரு மஞ்சள் துண்டும் இருந்தன. புதுவீடு புகும்போது முதலில் கொண்டுபோகிற பொருள்கள். எந்த வீடு எப்போது சரிவருமோ, யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு வீடு பார்க்கப் போகும்போதும் அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போவாள். ஒவ்வொரு முறையும் பிள்ளையார் திரும்பி வந்துவிடுவார்.

சற்குணத்தார் கெட்ட மனிதர் அல்ல. எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில், நிலத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய் போகிற வழிகளைப் படமாகக் கீறுகிற வேலை. குடிக்கமாட்டார், மனைவி மேல் சத்தம் போடமாட்டார். தேவாரம் சொல்லாமல் வாயில் தண்ணீர் படாது. திசை ஒன்றுதான் அவருக்கு வியாதி. மவுண்ட் ஆல்பர்ட்டில் அவர்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில் கட்டில் சுவரோடு ஒட்டி நிற்காது. தலை சரியாகக் கிழக்கே இருக்க வேண்டும் என்று அறை நடுவில் கோணலாகப் போட்டிருக்கிறார். கதவு அரைவாசிதான் திறக்கும். இராசமலர் இரவில் எழும்பினால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் வெளியே வருவாள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு எங்கள் ஆட்கள் வாடகைக்கு எடுக்கிற மண்டபத்திலும் அவர்தான் சுவாமி படங்களைத் திருப்பி வைத்தார். சுவாமிக்குக் கிழக்கு சரியாகக் கிடைத்தது. ஆனால் அன்று முழுக்கக் கழிவறைக் கதவு திறந்து மூடுகிறதைப் பார்த்துக்கொண்டுதான் சனங்கள் பஜனை பாடினார்கள்.

வீடு பார்க்கத் தொடங்கி எத்தனை வீடு பார்த்தோம் என்று எண்ணுவதை இராசமலர் விட்டுவிட்டாள். ஒன்றில் ஈசான மூலையில் கழிவறை. அது போகட்டும், நியாயம் என்று வைப்போம். இன்னொன்றை, அக்கினி மூலையில் ஃப்ரிட்ஜ் நின்றது என்று விட்டார்.

"அது வீட்டுக்காரன்ரை ஃப்ரிட்ஜ். அவன் போகேக்கை கொண்டு போயிடுவான்," என்று சொல்லிப் பார்த்தாள்.

"நிண்ட இடம் நிண்ட இடம்தானே," என்றார்.

இப்போது விளையாட இடமில்லை. வாடகை வீட்டைச் சொந்தக்காரன் விற்கிறான். மாத முடிவில் வெளிக்கிட வேண்டும். மாசி வீட்டை விற்றுக் கொடுக்கிற வெள்ளைக்கார ஏஜென்ட் நல்லவன். இன்னொரு குடும்பமும் கேட்கிறது, ஐந்து மணிக்குள் முடிவு சொல்லுங்கள் என்று மரியாதையாகச் சொன்னான். இராசமலர் அந்த வீட்டின் சமையலறையில் நின்றிருந்தாள். வெயில் ஜன்னலால் வந்து பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் விழுந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அறை, சுவாமி அறைக்கென்றே அளவெடுத்தது போல. அங்கேயே நெஞ்சுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "இஞ்சருங்கோ, சிதம்பரத்திலை ஆடுறவர் எந்தப் பக்கம் பாத்து ஆடுறார்?"

"தெற்கு."

"தட்சிணாமூர்த்தி?"

"தெற்குத்தான்."

"அப்ப?"

"அவை தெய்வங்கள். யமன் அவையிட்டை வரமாட்டான். எங்களிட்டை வருவான்."

இந்த மனிதரோடு கதைத்து வெல்ல முடியுமா? ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. "அடுத்த தெருவிலை மார்கரெட் நிப்பா. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிப்பம்," என்றாள். யோசிக்கிறதற்கு அவர் எப்போதும் சம்மதிப்பார்.

மார்கரெட் மலேசியாவில் ஈப்போக்காரி, பேச்சுக்குப் பேச்சு கடைசியில் ஒரு 'லா' போடுவாள். முதியோர் இல்லச் சமையலறையில் இராசமலரோடு வேலை செய்கிறவள். ஞாயிறு தேவாலயம் முடிந்ததும் ஒரு பழைய மரவீட்டில் நின்று வருகிறவர்களுக்கு இடம் சுற்றிக் காட்டுவாள். சம்பளம் இல்லாத வேலை. ஐஸ்லாந்து என்கிற குளிர்த் தேசத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கே காட்டை வெட்டி, மாடு வளர்த்து, இரவில் தன் மொழியில் கவிதை எழுதிய ஒருவரின் வீடு அது, இப்போது நினைவில்லம். அக்கம்பக்கத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லையாம். ஆனாலும் எழுதினாராம்.

கார் நின்றது. ஊசி பார்த்தாயிற்று, இறங்கி மறுபடியும் பார்த்தாயிற்று.

"இதுவும் தெற்கு!" என்றார் சற்குணத்தார். "இண்டைக்கு நல்ல நாள்தான்."

"வாங்கக்கா! வாங்கண்ணே!" மார்கரெட் வீட்டின் பின்பக்கத்திலிருந்து கை காட்டினாள். "முன்னால போகாதீங்க, பலகை பூராப் பாசி, வழுக்கி வுட்டுடும் லா. இந்தப் பக்கமா வாங்க."

சமையலறைக் கதவால் உள்ளே போனார்கள். கோணல் கதவு அது. நிலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இராசமலர் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே கரி பிடித்த அடுப்பு, எனாமல் கோப்பை, மூக்குக்கண்ணாடி, பைபிள். படுக்கை அறையில் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. சற்குணத்தார் கயிற்றுக்கு மேலால் கழுத்தை நீட்டி உள்ளங்கையைப் பார்த்தார்.

"வடக்கை தலை வைச்சுப் படுத்திருக்கிறார்! பாத்தீரே மலர்? அதுதான் மனுசன் போயிட்டார்."

"தொண்ணூறு வயசுலதான் போனாரு அண்ணே," என்றாள் மார்கரெட்.

சுவரில் தாடிக்காரக் கவிஞரின் படம் தொங்கியது. இராசமலர் அதன் முன்னால் நின்று, ஒருவரும் பார்க்கவில்லை என்று கண்டு, கை குவித்தாள். 'ஐயா, நீங்களும் ஊர் விட்டு வந்தவர். இந்த மனுசனுக்கு ஒரு நல்ல புத்தியைக் குடுங்கோ.' வேறு மதத்து ஆள், வேறு பாஷை. ஆனால் வேண்டுதல் போகிற இடத்துக்குப் போகும் என்பது அவள் எண்ணம்.

முன் விறாந்தையில் ஒரு நாற்காலியும், அதன்மேல் மடித்த கம்பளியும் இருந்தன. தெற்குக் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு துளி வெயில் இல்லை.

"தெரியாமலே வாசலை இந்தப் பக்கம் வைச்சவர்?" என்று கேட்டார் சற்குணத்தார்.

"வெயிலுக்குத்தான் வச்சாரு! அவங்க ஊர்ல சூரியன் தெற்கால போவுமாம். வீடுன்னா தெற்குப் பார்த்துத்தான் கட்டணும், அப்பதான் சூடு. அதே நெனப்புல இங்கயும் கட்டிட்டாரு. மொதல் குளிர்காலம் வந்தப்பதான் தெரிஞ்சுது, பூமிக்குத் தென்பாதியான இங்க சூரியன் வடக்கால போறான்னு."

"பிறகெண்டாலும் மாத்தியிருக்கலாமே?"

"எங்க மாத்துனாரு! தினம் சாயந்தரம் கம்பளிய சுத்திக்கிட்டு இங்கதான் குந்திக்கிட்டு இருப்பாராம். நான் சரியாத்தான் கட்டினேன், வெயிலுதான் வழி தப்பிப் போவுதுன்னு ஒரு கவிதையும் எழுதி வச்சிட்டாரு லா."

இராசமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இப்படி என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளே.

"பெண்சாதி என்ன செய்தவ?" என்று கேட்டாள்.

"அவங்க சும்மா இருப்பாங்களா? புருஷன் மாடு விக்கப் போனப்ப ரம்பத்தை எடுத்து, வடக்குச் சுவத்துல கதவு வெட்டிட்டாங்க. நீங்க வந்தீங்களே, அந்தக் கதவுதான். தச்சு வேலை தெரியாதில்ல, அதான் கோணல்."

"அவர் வந்து ஏசினவரோ?"

"ஒண்ணும் சொல்லலயாம். சாப்பிட மட்டும் அங்கதான் வருவாராம், வெயிலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. கதவைப் பத்தி ஒரு வரி எழுதல."

இராசமலர் திரும்பிச் சமையலறைக்குப் போனாள். கோணல் நிலையில் கையை வைத்தாள். மரம் வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. அந்தப் பெண் ரம்பத்தோடு இதே இடத்தில் நின்றிருப்பாள், எத்தனை குளிர்காலம் பொறுத்தபிறகோ. பின்னால் சற்குணத்தார் வந்து, "எண்டாலும் மலர், தெற்கு வாசல் தெற்கு வாசல்தான்," என்று தொடங்கினார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரிலை எல்லாம் பாத்துத்தானே கட்டினனீங்கள்," என்றாள்.

அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை. ஊரில் அவர்கள் கட்டிய வீட்டுக்குக் கிழக்கு வாசல், ஈசான மூலையில் கிணறு, விரற்கடை பிசகாமல் ஆசாரியார் வைத்த நிலை. எண்பத்தேழில், சண்டைக் காலத்தில், ஷெல் விழுந்தபோது அந்தக் கிழக்கு வாசல்தான் முதலில் இடிந்தது. அவர்கள் அப்போது கோயிலில் இருந்ததால் தப்பினார்கள். அதைப் பற்றி இரண்டு பேரும் இந்த நாட்டில் ஒருநாளும் கதைத்ததில்லை. சொன்ன வாயை அவளே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. 'முருகா, ஏன் என்னைச் சொல்ல வைச்சனீ?'

சற்குணத்தார் விறாந்தைக்குப் போனார். மார்கரெட் தேநீர் கொடுத்தாள். அவர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், குளிரில், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தேநீர் ஆறியது. மூக்கு சிவந்தது. இராசமலர் வெயிலில் இருந்தபடியே அவர் முதுகைப் பார்த்தாள். 'வாங்கோவன், இஞ்சை சூடாயிருக்கு' என்று கூப்பிட நினைத்தாள். கூப்பிடவில்லை. அவளுக்கும் கோபம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தார். கோணல் கதவின் நடுவில் நின்று, திசைகாட்டியைப் பார்த்தார். மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தக் காலத்திலை சனம் எந்தக் கதவாலை வந்தது?"

"எல்லாரும் இதுலதான் அண்ணே."

"பாதிரியார்?"

"அவரும்தான். முன்னால வந்தா வழுக்கி வுழணுமே."

"கலியாணம், செத்தவீடு?"

"பொண்ணு கல்யாணமாகிப் போனதும் இதுலதான். கவிஞரைத் தூக்கிக்கிட்டுப் போனதும் இதுலதான் லா."

"அப்ப வாசல் எண்டால் இதுதான்," என்றார் சற்குணத்தார். தானே கண்டுபிடித்த ஆள் மாதிரி ஒரு முகம். "எழும்பும் மலர். ஐஞ்சு மணியாகப் போகுது."

என்ன முடிவு என்று வழியில் ஒரு சொல் சொன்னாரா? இல்லை. இராசமலரும் கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு மூலை ஞாபகம் வந்துவிடும்.

மாசி வீட்டின் முன் படியில் ஏஜென்ட் பேனாவோடு நின்றான். சற்குணத்தார் காருக்குள் ஊசி பார்க்கவில்லை. இறங்கி, அவன் நீட்டிய கையைக் குலுக்கி, "யெஸ், யெஸ். கம், பாக் சைட்," என்று சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். குப்பை வாளியைத் தாண்டி, உடுப்புக் காயப்போடுகிற கம்பியைக் குனிந்து கடந்து, பின்பக்கத்து லாண்டரிக் கதவடிக்குப் போனார். வடக்குப் பார்த்த கதவு. ஏஜென்ட் முன் கதவைத் திறந்து காட்டினான். ஒருவரும் திரும்பாததால் அவனும் ஈரப் புல்லில் பின்னால் வந்தான். இராசமலர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நல்ல முன் கதவு, வண்ணக் கண்ணாடி போட்ட கதவு. இனி அது ஜென்மத்துக்கும் திறபடாது. வருகிற விருந்தாளியெல்லாம் குப்பை வாளிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டுதான் வரவேண்டும்.

சற்குணத்தார் சப்பாத்தைக் கழற்றினார். வலது காலை உள்ளே வைத்தார்.

"வலது கால், மலர், வலது கால்," என்று திரும்பிச் சொன்னார்.

பிறகு கையை நீட்டினார்.

"எங்கை, பிள்ளையாரைத் தாரும். ஒவ்வொரு வீட்டுக்கும் காவிக்கொண்டு திரியிறீரே."

இராசமலர் கைப்பையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, வாஷிங் மெஷின் மேல் வைத்தார். அதோடு விட்டாரா? சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"பொறும், பொறும்."

ஊசி ஆடி அடங்கும்வரை இராசமலர் ஒரு காலை வாசற்படியில் வைத்தபடி அசையாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏஜென்டும் பேனாவைப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றான். சற்குணத்தார் பிள்ளையாரைக் கொஞ்சம், ஒரு விரற்கடை, கிழக்கே திருப்பி வைத்தார்.