உட்காரப் போகிறவர் வரட்டும்

1. வண்டியில் வந்த சரக்கு

மதுவிலக்கு வந்தபோது குடிகாரர்களைவிட அதிகமாகத் தவித்தவன் நான்தான் என்றால் சிரிப்பீர்கள். நான் குடித்தவனில்லை. ராயபுரத்தில் ஒரு பழைய பர்னிச்சர் கடையில் விற்பனையாளனாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை பிடிபடுவதற்குள் கடை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய உயரமான ஸ்டூல்கள், கால்கள் வானத்தைப் பார்க்கக் கிடந்தன.

கப்பல் அதிகாரிகள் வந்து போகும் ஒரு கிளப்பில் பாரை மூடிவிட்டார்கள். அங்கிருந்த சாமான்களை ஏலம் விட்டபோது எங்கள் முதலாளி ஸ்டூல்களை மொத்தமாக எடுத்துவிட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். மரத்தை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்து, பர்மா தேக்கா உள்ளூர்த் தேக்கா என்று சொல்லிவிடுவார். இந்த ஸ்டூல்கள் அசல் பர்மா. அதிலேயே மனுஷன் சொக்கிப்போய்விட்டார். இவ்வளவு உயரத்தில் யார் ஏறி உட்காருவார்கள் என்று யோசிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் அன்று சாப்பாடு தரையில், தூக்கம் தரையில், சமையலும் தரையில்தான். நாற்காலி என்பதே விருந்தாளிக்காகத் தூசி தட்டி வைக்கிற சாமான். கடைக்கு வந்தவர்கள் ஸ்டூலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள்.

"இன்னா நைனா, இதும் மேல குந்திக்கினு காக்கா ஓட்றதா?" என்று கேட்பார்கள். பிறகு ஒரு பெஞ்சை விலை பேசுவார்கள்.

அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏல மாணிக்கம், காலெல்லாம் பாதியா அறுத்துருவோம்ல. குட்டை ஸ்டூல்னா எவனாவது வாங்குவான்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. அறுத்தா மறுபடி ஒட்ட முடியாது."

"ஆமா, பொறுத்துக்கிட்டே இரி. கரையான் தின்னுட்டுப் போவட்டும்."

நல்ல தேக்கைக் கரையான் அவ்வளவு லேசில் தொடாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? கோபத்தில் சொன்னார். ஆனாலும் மறுநாள் எங்கள் கடைத் தச்சு ஆசாரியிடம் ரம்பத்தைத் தீட்டிவைக்கச் சொல்லிவிட்டார்.

2. அஞ்சலை குந்திப் பார்த்தது

ரம்பத்துக்கு வேலை வருமுன் அஞ்சலை வந்தாள். திருவொற்றியூர்க் குப்பத்தில் மீன் ஏலம் எடுப்பவள். ஆள் நல்ல உயரம், அதற்குத் தகுந்த குரல். கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் இருக்கிற கட்டுமரம் திரும்பிப் பார்க்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

வந்தவள் யாரையும் கேட்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். கையை முன்னால் நீட்டி, இல்லாத சட்டியில் இல்லாத குழம்பைக் கிளறினாள்.

"ஷோக்கா கீது. அடுப்பாண்ட போட்டுக் குந்தலாம்ல?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடுப்பாண்டயா? இன்னாத்துக்குக்கா?"

"எனக்கு இல்ல நைனா. வரப்போற மருமவளுக்கு."

விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவள் மகன் பூங்காவனம் என்ற பெண்ணைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். சிறுமியாக இருந்தபோது கரையில் கட்டுமரம் புரண்டு அந்தப் பெண்ணின் இடது முட்டியில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கால் மடங்குவதில்லை. நடப்பாள், கூடை தூக்குவாள், வியாபாரம் பேசுவாள். தரையில் குந்த மட்டும் முடியாது. தரையில் குந்தாமல் அடுப்பை எப்படிப் பார்ப்பது? அம்மா வீட்டில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து, அதன்மேல் அடுப்பை வைத்து நின்றபடி சமைக்கிறாளாம். ரொம்ப நேரம் நின்றால் கால் வீங்கிவிடுகிறது. அஞ்சலை வீடோ பெரிய குடும்பம். ஒரு வேளைக்கு உலை வைத்து இறக்கவே பாதிப் பொழுது போய்விடும்.

"எம் புருசனோட அக்கா ஒருத்தி கீறா, தேசம்மா. அவ சரின்னாத்தான் எங்க வூட்ல பரிசம். அடுப்பாண்ட குந்தத் தெரியாதவ இந்த வூட்டுக்கு வேணாம்ன்றா. நான் மேடை கட்டி, ஸ்டூல் போட்டுக் குந்த வெக்கிறேன்னு சொல்ட்டேன்."

"உங்களுக்கு அந்தப் பொண்ணப் புடிச்சிருக்காக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் தவறிவிட்டது.

"எனுக்கா? கரையில என்னாண்டயே வெல கொறச்சிப் பேசி ஜெயிச்சிட்டுப் போனவ நைனா. அவ எங்க வூட்டுக்கு வராம வேற எங்க போவா?"

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. முதல் ஸ்டூல் விற்றது. அஞ்சலை அதைத் தலையில் வைத்துக்கொண்டு, கையை வீசி நடந்து போனாள்.

3. தேசம்மா கேட்ட ஒரே கேள்வி

இரண்டு மூன்று நாளில் அதே ஸ்டூல் அதே தலையில் திரும்பி வந்தது. அஞ்சலையின் முகத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

"கொத்தனார வெச்சி மேடைகூடக் கட்டிட்டேன் நைனா. தேசம்மாவக் கூப்ட்டு, நானே குந்திக் காமிச்சேன். பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டா. 'நீ முட்டிய மடிச்சிக்கினு குந்திட்ட, அவ எப்டி மடிப்பா'ன்னா. எனுக்கு அது தோணவே இல்ல."

அவளுக்கு மட்டுமா? எனக்கும்தான். குழம்பு கிளறிக் காட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களில் ஒருவருக்காவது அது தோன்றவில்லை.

"அந்தப் பொண்ணையே வூட்டுக்குக் கூட்டியாந்து ஒருக்கா குந்த வெச்சிப் பாத்திருக்கலாமேக்கா" என்றேன்.

"இன்னா பேசற நீ? தாலி ஏறாம மாப்ள வூட்டு வாசப்படிய மெறிப்பாளா? அந்தப் பழக்கம் எங்க பக்கத்துல இல்ல."

அதுதான் சங்கதி. கல்யாணத்துக்கு முன் பெண் அந்த வீட்டுக்கு வரக்கூடாது. அதனால் அவளுக்கான மேடையை மாமியார் உயரத்துக்குக் கட்டி, ஸ்டூலையும் மாமியாரே உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறாள். இப்போது பரிசம் நின்றுபோகிற நிலை. பையன் சாப்பிடாமல் படகடியில் போய்ப் படுத்துக்கிடக்கிறான் என்று சொல்லும்போது அந்தப் பெரிய குரல் கம்மிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"உங்க வூட்டுக்குத்தானேக்கா வரக்கூடாது? எங்க கடைக்கு வரலாமே. இது யார் வூடும் இல்லியே" என்றேன்.

அஞ்சலை கடை அதிரச் சிரித்தாள்.

உள்ளேயிருந்து அண்ணாச்சி தலையை நீட்டினார். "ஏல, நம்ம கடையிலயா பொண்ணு பாக்கப் போறாவ?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் வாசலத் தூத்துத் தண்ணி தெளிக்கச் சொல்லு" என்றார். அவருக்குக் கோபம் வருகிற வேகத்தில் போய்விடவும் செய்யும்.

4. கடைக்குள் ஓர் அடுப்பு

கப்பலில் தேயிலை வரும் மரப்பெட்டிகள் எங்களிடம் கிடந்தன. அஞ்சலை கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த அளவுக்கு அவற்றை அடுக்கி, அவள் வீட்டு மேடை மாதிரியே செய்தோம். மேலே ஒரு மண் அடுப்பு, அதன்மேல் ஒரு காலிச் சட்டி. நெருப்பு வைக்க அண்ணாச்சி விடவில்லை, சுற்றிலும் வார்னிஷ்.

பூங்காவனம் அவள் அம்மாவோடு வந்தாள். குள்ளமான பெண். காலைச் சற்றே வீசி நடந்தாள், ஆனால் தலை குனியவில்லை. தேசம்மா முன்னதாகவே வந்து, கடையின் ஒரே சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூங்காவனம் ஸ்டூலில் ஏறுவதே பாடாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் மடங்காத கால் நேராக நீண்டு பெட்டியில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பினாள், கை சட்டிக்கு எட்டவில்லை. ஸ்டூலைப் பின்னால் தள்ளினாள், அப்போதும் எட்டவில்லை.

உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டோம்.

"கொஞ்சம் சாஞ்சி குந்தும்மா" என்றேன் நான்.

"ஸ்டூல அந்தாண்ட போடு" என்றாள் அஞ்சலை.

"மேடைய இன்னும் ஒசத்தணும்" என்றார் ஆசாரி.

"ஏட்டி, அந்தக் காலக் கொஞ்சம் மடக்கத்தான் பாரேன்" என்றார் அண்ணாச்சி. சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தேசம்மா எழுந்தாள். "நான் சொல்லல? வாங்க போலாம்."

பூங்காவனத்தின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் ஸ்டூலைத் தூக்கி நடுத்தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "எல்லாரும் செத்த சும்மா கீறீங்களா?"

வாசலுக்குப் போன தேசம்மாவும் நின்றாள்.

"அண்ணாத்த, இந்தப் பக்கத்து அடிப்பொட்டிய உருவு" என்று என்னிடம் இடது ஓரத்தைக் காட்டினாள்.

உருவினேன். மேல் பெட்டி சரியாமல் ஆசாரி ஒரு முட்டுக் கொடுத்தார். அடியில் ஒரு பொந்து உண்டாயிற்று. பூங்காவனம் இறங்கி, ஸ்டூலை மேடையோடு ஒட்டி இழுத்துப் போட்டு மறுபடி ஏறினாள். நீட்டிய கால் அந்தப் பொந்துக்குள் சுகமாகப் போய்விட்டது. இப்போது அவள் அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை நாளும் நாங்கள் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாற வேண்டியது மேடை.

"இன்னும் கீது" என்றாள். "ஸ்டூலு எனுக்கு ஒசரம். நாலு வெரக்கட கொறைக்கணும். இந்த இரும்பு வளையம் ஒதவாது, காலு வலிக்குது."

கால் வைக்கிற அந்த வளையத்தை அன்றுதான் நான் யோசித்துப் பார்த்தேன். கிளப்பில் உட்கார்ந்தவர்கள் பூட்ஸ் போட்டவர்கள். உருண்டைக் கம்பி அவர்களை உறுத்தாது. நம் வீட்டில் யார் செருப்போடு சமைக்கிறார்கள்? வெறுங்காலுக்கு அது தண்டனை.

ஆசாரி தீட்டிவைத்த ரம்பத்துக்கு ஒருவழியாக வேலை வந்தது. நாலு கால்களையும் அவள் சொன்ன அளவுக்கு அறுத்தார். வளையத்தைக் கழற்றிவிட்டு, நல்ல கால் பதிய ஒரு தட்டைப் பலகை அடித்தார். பூங்காவனம் மறுபடி உட்கார்ந்தாள். ஆசனத்துக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. தோள் தூக்காமல் கை சட்டிக்குள் போயிற்று.

தேசம்மா லேசில் விடுகிறவளா? காலிச் சட்டியை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு பெரிய மண்சட்டியை வாங்கி, வழிய வழியத் தண்ணீர் ஊற்றி அடுப்பின் மேல் வைத்தாள்.

"எங்க வூட்டுக் கொழம்பு இத்தினி கனம் இருக்கும். எறக்கு பாக்கலாம்."

உட்கார்ந்தபடி முழுச் சட்டியை இறக்குவது லேசான காரியமில்லை. கல்யாணம் அந்தச் சட்டியில்தான் இருந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பூங்காவனம் அவசரப்படவில்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள். நல்ல காலைப் பலகையில் அழுத்தி ஊன்றினாள். இரண்டு கையாலும் சட்டியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, பக்கத்துப் பெட்டியின் மேல் இறக்கி வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

தேசம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கீழே தரையைப் பார்த்தாள். பிறகு அஞ்சலை பக்கம் திரும்பினாள்.

"கட்ன மேடைய இடிச்சிடு. காலுக்குப் பொந்து வெச்சிக் கட்டு. கொத்தனாரு வரச்சொல்லோ என்னியும் கூப்டு, நான் கூடவே நிக்கிறேன்."

அஞ்சலை ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அண்ணாச்சி எல்லோருக்கும் சோடா வாங்கிவரச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்க வார்னிஷ் நெடி என்று சொல்லிவைத்தேன்.

5. மிச்ச ஸ்டூல்கள்

கல்யாணம் ஜோராக நடந்தது. நானும் அண்ணாச்சியும் ஆசாரியும் போய்ச் சாப்பிட்டோம். சில மாதம் கழித்துத் தேசம்மா கடைக்கு வந்தாள், பூங்காவனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு. முட்டி வலியாம். தரையில் குந்தினால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறதாம்.

"அவுளுத மாரியே ஒண்ணு குடு நைனா" என்றாள். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

எனக்கு ஒரே உற்சாகம். அவள் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தேன். இருந்ததிலேயே நல்ல ஸ்டூலைத் துடைத்து எடுத்துவந்தேன். எங்கே அறுக்க வேண்டும், பலகையை எங்கே அடிக்க வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடும் போட்டுவிட்டேன்.

"இது உங்களுக்குன்னே செஞ்ச மாரி கீதும்மா" என்றேன்.

பூங்காவனம் என் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அண்ணாத்த, நீ செத்த சும்மா இரு. பெரிம்மா, நீ குந்திப் பாத்துச் சொல்லு" என்றாள்.

தேசம்மா உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். நான் போட்ட கோடு மூன்று விரல் தப்பு.

அதன் பிறகு ஸ்டூல்கள் ஒவ்வொன்றாகப் போயின. முட்டி வலிக்காரர்கள், இடுப்புப் பிடிப்புக்காரர்கள், காலடிப்பேட்டையில் வீட்டு ஜன்னலிலேயே கடை வைத்திருந்த ஒருவர் என்று பலரும் வாங்கினார்கள். இத்தனை வருஷம் கழித்து, இப்போது புது வீடுகளில் சமையலறை மேடைக்கு எதிரே வரிசையாக உயர ஸ்டூல் போடுகிறார்கள். கடையில் நிற்கிற பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மேடைக்கும் ஆசனத்துக்கும் நடுவே ஒரு சாண் விடு, வெறுங்கால் பதியத் தட்டையாக இடம் கொடு, கால் நீட்ட மேடைக்கு அடியில் வழி இருக்கிறதா பார் என்று சொல்கிறேன். அதெல்லாம் பிறகு. மனைவிக்கு என்று கணவன் வந்தாலும், அப்பாவுக்கு என்று மகன் வந்தாலும், முதலில் வந்தவரை ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். உட்காரப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர் வந்து உட்கார்ந்ததும், நீங்கள் செத்த சும்மா இருங்கள்.