தையற்கடையில் எனக்குக் காது கேட்காமல் போன கதை

வெள்ளவத்தையில் ஒரு தையற்கடையில் வேலை செய்த காலத்தில் எனக்குக் காது கேட்காமல் போனது. உண்மையில் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மற்றவர்களுக்குத்தான் அது தெரியாது.

நான் ஆரோடும் லேசில் கதைக்கமாட்டேன். ஒன்று கேட்டால், என்ன சொல்லலாம் என்று யோசித்து முடிக்கமுதல் கதை வேறெங்கோ போய்விடும். மெஷினில் இருந்த இரண்டு பெட்டைகளுக்கும் இருபது வயதுகூட இல்லை. எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அந்த வயதில் மறுமொழி சொல்லாவிட்டால் அது செவிடுதான் என்று முடிவெடுத்துவிட்டார்கள். "அன்ரீ! ரீ குடிக்கிறியளா!" என்று காதுக்குள் வந்து கத்துவார்கள். நான் தலையாட்டுவேன். இல்லை, கேட்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு வெட்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

என் வேலை சட்டைகளுக்குக் கொக்கி தைப்பது, முடிந்ததை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. சண்டைக் காலம். ஒழுங்கை முகப்பில் ஆமிக்காரர் நின்றார்கள். பெட்டைகள் போனால் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு விடுத்து விடுத்து விசாரிப்பார்கள். என்னை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்கள். கிழவியால் ஒன்றும் ஏலாது என்று அவர்களுக்கும் ஒரு நினைப்பு. அதனால்தான் எனக்கு அந்த வேலை. அந்தச் சம்பளத்தில்தான் கொட்டாஞ்சேனையில் என் அறைக்கு வாடகை போனது.

ஒருநாள் நான் பார்சலோடு போக, எனக்குப் பின்னால் வந்த ஓட்டோவைப் பார்த்து ஆமிக்காரன் "நவத்தன்ன!" என்று, நிறுத்தச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். ஓட்டோ நின்றது. நான் ஏன் நிற்கவேண்டும்? நடந்தேன். கடை வாசலில் நின்ற மூத்த பெட்டை இதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த நாள் என் முதுகுக்குப் பின்னால் கூட்டம் கூடினார்கள். செவிட்டுக்குப் பக்கத்தில் ஏன் குரலைக் குறைப்பான்?

"முதலாளி, நில்லெண்டு கத்துறான், அன்ரி தன்ரை பாட்டுக்குப் போறா! ஒருநாளைக்குச் சுட்டுப்போடுவாங்கள்."

முதலாளி பயந்த மனுஷன். "பட்டன் ரின்னைப் பின்னாலை போட்டுப் பாப்பம். துள்ளினால் இருக்கட்டும். துள்ளாட்டில் வேலையாலை நிப்பாட்டத்தான் வேணும்."

வெட்டுகிற மாஸ்டர், அவரும் என் வயதுதான், "இந்தக் காலத்துப் பெட்டையளுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுது" என்றார். ஆனாலும் பட்டன் போட்டுவைத்த அந்தத் தகர ரின்னை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

துள்ளவேண்டும் என்று எனக்கு விளங்கியது. எவ்வளவு துள்ளுவது? எழும்பித் துள்ளுவதா, இருந்தபடியா? அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாவும் நின்றா. அவவுக்கு முன்னால் எப்படி? ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். ரின் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு, போடச் சொன்ன முதலாளியே மேசைக்குக் கீழே போய்விட்டார். "எங்கை வெடிச்சது?" என்று மாஸ்டர் கத்தினார். அந்த அம்மா நெஞ்சில் சுற்றின அளவு நாடாவோடு றோட்டுக்கு ஓடினா. நான் யோசித்து முடித்தபோது பட்டன்கள் உருண்டும் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு துள்ளினால் நல்லாயிராது.

"துள்ளினவவே?" மேசைக்குக் கீழிருந்து முதலாளி கேட்டார்.

"அசையேல்லை" என்றாள் இளைய பெட்டை.

"நாளையிலையிருந்து வரவேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? மெல்லமாச் சொன்னால் கேக்காது. கத்தினால் றோட்டுக்கே கேக்கும். பாவம், மனுசி வெக்கப்படும்" என்றார் முதலாளி.

"கையாலை காட்டுங்கோவன்" என்றார் மாஸ்டர்.

"சாப்பிடப் போகச் சொல்லுறீங்கள் எண்டு நினைப்பா" என்றாள் மூத்த பெட்டை.

வேலை போனால் அறையும் போய்விடும். நான் அவர்கள் பக்கம் திரும்பினேன். "நான் வருவன்" என்றேன்.

"என்ன?" என்றார் முதலாளி.

"நாளைக்கு வருவன்."

"என்ன சொல்லுறா? ஒண்டும் கேக்கேல்லை."

"எனக்குக் காது கேக்குது! நான் நாளைக்கு வருவன்!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்துகொண்டிருந்த அந்த அம்மா மறுபடியும் றோட்டுக்கு ஓடினா. முதலாளி மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து, "வாங்கோ அக்கா, வாங்கோ" என்றார்.

பெட்டைகளின் முகந்தான் வெளுத்துப்போனது. எனக்குப் பக்கத்திலிருந்து இவ்வளவு காலமும் என்னவெல்லாம் கதைத்திருப்பார்கள்! பின்னேரம் இளையவள் மெல்ல வந்தாள்.

"அன்ரி, அந்தப் பெடியனைப் பற்றி நான் சொன்னது..."

"எந்தப் பெடியன்?" என்றேன்.

அவள் ஓடிப்போய் மற்றவளிடம் சொன்னது எனக்கு வடிவாகக் கேட்டது. "பயப்பிடாதையடி. காது நல்லாத்தான் இருக்கு. ஞாபகம்தான் சுத்தமா இல்லை. வயசெல்லே!"

அதன்பிறகு பார்சல் தரும்போதெல்லாம் போகவேண்டிய வீட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் மெதுவாகச் சொன்னார்கள்.