அரிசி மூட்டையும் நாலு டயரும்

மணியம் அண்ணை போயிட்டார்.

ஒடாஹுஹுவில டயர்க்கடை வச்சிருந்த மலேசியா மணியம் அண்ணை... இண்டைக்குக் காலமை. என்ர மகள் அனுப்பின மெசேஜை மூண்டு தரம் வாசிச்சன். இப்பதான் இருந்து எழுத முடிஞ்சது.

இந்தக் குறூப்பில பழைய ஆக்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவைக்குச் சொல்லுறன்.

87, 88 இருக்கும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதுசு, பாபடோயிட்டோயில ஒரு வாடகை வீட்டில. மகளுக்கு ஏழு மாசம்.

எனக்கு எல்லாத்துக்கும் பயம். பிள்ளை தும்மினாலும் பயம், தபால்காரன் வந்தாலும் பயம். படிச்ச பிஎஸ்சி ஒண்டுக்கும் உதவேல்லை.

இவருக்கு, என்ர மனுசனுக்கு, ஈஸ்ட் டாமாக்கியில ஒரு ஃபாக்டரியில வேலை. ஒருநாள், தன்னோட வேலை செய்த ஒருத்தரிட்ட ரெண்டு கதவு ஜப்பான் கார் ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து வாசலில நிண்டார்.

ஸ்பிரிங்கை வெட்டி நிலத்தோட பதிச்சு வச்ச கார். பின் சில்லுதான் காரைத் தள்ளும். தேஞ்ச டயரோட ஈர றோட்டில அது என்ன செய்யும் எண்டு எனக்கு அப்ப தெரியாது.

பிறகு தெரிஞ்சது... ஒரு மழை நாள், ரவுண்டபௌட்டில திரும்பேக்க பின்பக்கம் தன்பாட்டில வழுக்கி, வந்த வழியையே பாத்துக்கொண்டு நிண்டது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பிள்ளை சிரிச்சது.

அடுத்த கிழமை வாரண்ட் செக்கிங்கில, கார் றோட்டில ஓடத் தகுதியோ எண்டு பாக்கிற இடத்தில, பின் டயர் ரெண்டும் மொட்டை எண்டு காரை ஃபெயில் பண்ணிப்போட்டினம். அப்பிடித்தான் ஒரு சனிக்கிழமை மணியம் அண்ணையின்ர கடைக்குப் போனம்.

கடைச் சுவரில ரெண்டு அகல டயர். அகலம் 205 மில்லிமீற்றர். ரேஸ் ஓடுற ஆக்கள் போடுற வகை, பழைய ஸ்டொக் எண்டு விலை குறைச்சிருந்தது. இவர் அதைத் தடவிப் பாத்த விதம் இருக்கே... கலியாண வீட்டில என்னைக்கூட அப்பிடிப் பாக்கேல்லை.

அடுத்த சனி வந்து பூட்டுறம் எண்டு சொல்லிப்போட்டு வந்தம்.

எனக்கு அந்தக் காரே வேண்டாம். ஆனா சொல்ல வாய் வரேல்லை. ஊரில இருந்து நல்ல செய்தி ஒண்டும் வராத காலம். இந்த நாட்டுக்கு வந்து அவர் தனக்கெண்டு ஆசைப்பட்டு வாங்கினது அது ஒண்டுதான்.

அதால செவ்வாய்க்கிழமை, இவர் வேலைக்குப் போன பிறகு, பிள்ளையையும் தள்ளுவண்டிலையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போனன். தனிய.

"அண்ணை, இந்தக் காருக்குப் பொருத்தமான டயரே இல்லை எண்டு அவரிட்டச் சொல்லிவிடுங்கோ. வித்துப்போடுவார்."

அழுதிட்டன் எண்டு நினைக்கிறன். அண்ணை கையில இருந்த கரியைத் துணியில துடைச்சார்.

"நான் பொய் சொன்னா அடுத்த கடைக்குப் போவாரு தங்கச்சி. சனிக்கிழமை நீங்களும் பிள்ளையும் கூட வாங்க. வர்ற வழியில அரிசி வாங்கிட்டு வாங்க. பெரிய மூட்டையா."

ஏன் அரிசி எண்டு நான் கேக்கவும் இல்லை. வீட்டில சமைக்க ஒண்டுமில்லை எண்டு நினைச்சிட்டாரோ எண்டு பஸ்ஸில யோசிச்சுக்கொண்டு வந்தன்.

சனிக்கிழமை. அகல டயர் ரெண்டையும் பின்னுக்குப் பூட்டி, காரை ஜாக்கில இருந்து இறக்கி, இவரை மட்டும் ஏறி இருக்கச் சொன்னார். மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவில விரலை விட்டுக் காட்டினார். ரெண்டு விரல் போனது. இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு என்னையும் பிள்ளையையும் பின் சீட்டில இருத்தினார். அரிசி மூட்டை டிக்கிக்குள்ள.

அதோட விடேல்லை. கடையில வேலை செய்த டொங்கா நாட்டு ஆளையும் கூப்பிட்டு எனக்குப் பக்கத்தில ஏத்தினார். நல்ல பெரிய உடம்பு. "ஊர்ல இருந்து மாமியார் வந்திருக்காங்கன்னு வச்சிக்குங்க லா" எண்டார். கார் அப்பிடியே பதிஞ்சது.

விரல் போகேல்லை. காரைக் கொஞ்சம் உருட்டினார். டயரில மட்காட் உரசின சத்தம் இருந்த இடத்திலேயே எனக்குக் கேட்டது.

அண்ணை எழும்பி இவரின்ர ஜன்னலடிக்கு வந்தார். மெல்லத்தான் சொன்னார்.

"நீங்க தனியா ஓட்டுறதுன்னா இந்த டயர் சரி தம்பி. இவங்கள ஏத்திட்டுப் போறதுன்னா சரியில்ல. எதுக்குன்னு நீங்க சொல்லுங்க, போட்டு விடுறேன்."

இவர் கண்ணாடியில என்னைப் பாத்தார். பிள்ளையைப் பாத்தார்.

"கழட்டுங்கோ அண்ணை."

அகலம் குறைஞ்ச 185 தான் போட்டது. அதுவும் வேகத்துக்குச் செய்த டயர்தான், மழையில நல்லாப் பிடிக்கும், எங்கட கைக்கும் எட்டுற விலை. பின்னுக்கு ஒண்டு முன்னுக்கு ஒண்டு எண்டு கலக்கக் கூடாது எண்டு நாலையும் மாத்த வச்சார்.

அடுத்த மழைக்கு அதே ரவுண்டபௌட். கார் போக வேண்டிய பக்கம் போனது. நான் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தன்... அது டயரின்ர பிழை இல்லை.

அந்தக் கார் எங்களோட கன வருசம் நிண்டது. மகன் பிறந்து வீட்டுக்கு வந்ததும் அதிலதான்.

அண்ணையும் எங்கட வீட்டு ஆளாகிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து சாப்பிடுவார். எனக்கு உள்ளுக்குள்ள பயம், அந்தச் செவ்வாய்க்கிழமையை இவரிட்டச் சொல்லிப்போடுவாரோ எண்டு.

ஒரு சொல் சொல்லேல்லை. என்னைக் கண்டா மட்டும் கேப்பார். "அரிசி வாங்கியாச்சா தங்கச்சி?"

இவர் அதை டயர்க்கடைப் பகிடி எண்டுதான் இண்டைக்கு வரைக்கும் நினைச்சுக்கொண்டிருக்கிறார்.

போன மாசம் ஆஸ்பத்திரியில பாத்தம். ஆக்களை மட்டுக்கட்டுறது குறைஞ்சுபோச்சு. இவரை ஆரெண்டு தெரியேல்லை.

என்னைக் கனநேரம் பாத்தார். உதடு அசைஞ்சது... "அரிசி..." எண்டார்.

வாங்கியாச்சு அண்ணை எண்டன். இவர் சிரிச்சார். நான் வெளியில போய் நிண்டன்.

இவர் இப்ப அண்ணையின்ர வீட்டில கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கிறார். இதை அங்க இருந்துதான் வாசிப்பார்.

ஓமப்பா. அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணையின்ர கடைக்கு நான்தான் தனியப் போனனான்.

அண்ணை, நீங்கள் கடைசி வரைக்கும் சொல்லேல்லை. நானே சொல்லிப்போட்டன்.

போயிட்டு வாங்கோ.