மருமகளின் லைனும் மாமனாரின் கதவும்

என் மருமகளைப் பற்றி யாராவது "வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாளாமே" என்று இழுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், உட்கார்ந்துதான் இருக்கிறாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் வீடியோவில் மொழிபெயர்த்துச் சொல்கிறாள். சும்மா வந்த வேலையா அது? பிழைக்கப் போன இடத்தின் பாஷை அவள் அம்மாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடியே டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று பேசிப் பழகியவள். பிறகு அதையே முறையாகப் படித்துத் தேறினாள்.

வேலையில் சேர்ந்ததும் சோதனைக் காலம் என்று ஒன்று வைத்தார்கள். பார்த்து அந்த நேரத்தில்தானா எங்கள் வீட்டு கேபிள் இன்டர்நெட்டுக்குச் சனியன் பிடிக்க வேண்டும்? பேச ஆரம்பித்தால் படம் உறையும், குரல் விட்டு விட்டு வரும், பிறகு அடியோடு போய்விடும். இன்னொரு தடவை நடுவில் அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

கேபிள்காரர் வந்தார். மோடத்தை மாற்றினார். பால்கனியில் போய் நின்று எட்டிப் பார்த்தார்.

"எங்க சைடுல எல்லாம் ஓகேம்மா."

"ஓகேன்னா இவ ஏன்யா அழறா? உங்க ஓகேவைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!" என்று கத்திவிட்டேன்.

மருமகள் கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே களத்தில் இறங்கினாள். வைஃபையே வேண்டாம் என்று கம்ப்யூட்டரை வயர் போட்டு மோடத்தில் நேராகச் சொருகினாள். டிவிக்கும் மோடத்துக்கும் லைனைப் பிரித்துக் கொடுக்கும் குட்டிப் பெட்டியைக் கழற்றிப் போட்டாள். சுவரில் கேபிள் சேரும் இடத்தைத் திருகி இறுக்கினாள். எதற்கும் மசியவில்லை.

"ஒண்ணு கவனிச்சீங்களா அத்தை? நான் சும்மா இருந்தா லைன் பறக்குது. பேச ஆரம்பிச்சாத்தான் படுத்துக்குது."

"அதுக்கு உன்மேல என்னடி கோபம்?"

மறுநாள் காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "கால் வந்திருச்சு!" என்று உரக்கச் சொன்னாள். ஆனால் யாருடனும் பேசவில்லை, மோடத்தின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் சட்டென்று எழுந்தார். பூனை மாதிரி நடந்துபோய் பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தி, தோளால் ஒரு தள்ளு தள்ளித் தாழ்ப்பாளும் போட்டார். விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தது.

கேபிள் அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. கீழே, கார்களுக்கு ஒடுக்கெடுக்கும் பட்டறை. விடிந்தால் தகரம் அடிக்கிற சத்தம்தான். மருமகள் பேசும்போது அது கேட்கக் கூடாது என்று மனுஷன் ஒவ்வொரு தடவையும் கதவை இறுக்கி, கேபிளை நசுக்கியிருக்கிறார்! கேபிள்காரர் வந்தபோது கதவு திறந்திருந்தது, அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மருமகள் கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

"எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கீங்க மாமா. ஆனா கதவிடுக்குல கேபிள் நசுங்குது. இனிமே திறந்தே இருக்கட்டும்."

அவர் முகம் செத்துப்போய்விட்டது. "நானாம்மா உன் பொழப்பைக் கெடுத்தேன்?"

"கெடலையே மாமா, அதான் கண்டுபிடிச்சாச்சே!"

சுவரில் துளை போட்டுப் புது கேபிள் இழுக்க மறுநாள்தான் வர முடியும் என்றார் கேபிள்காரர். மேலதிகாரியும் சேர்ந்து கேட்கப்போகும் முக்கியமான கால் அன்று மதியமே இருந்தது. கதவைச் சாத்தினால் லைன் போச்சு, திறந்தால் பட்டறைச் சத்தம். என்னதான் செய்வது?

நேரம் வந்தது. தகரச் சத்தம் மண்டையைப் பிளந்தது. இந்த நேரம் பார்த்து என் கணவரைக் காணோம். எங்கே தொலைந்தார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் பட்டென்று நின்றது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டிய மனுஷன், ஒருவரிடமும் போய் ஓர் உதவி என்று நின்றறியாதவர், பட்டறை மேஸ்திரியின் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரி சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே அவள் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்கு என்ன நோய், என்ன பேசினாள் என்பதெல்லாம் அவள் வெளியில் மூச்சுவிட மாட்டாள். நாங்களும் கேட்க மாட்டோம். லைன் மட்டும் கடைசிவரை அசையவில்லை.

ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி ஓடி வந்தாள். "அத்தை! வேலை உறுதின்னு சொல்லிட்டாங்க!"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்க, "வேலை உறுதியாயிருச்சு!" என்று கத்தினேன்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார். "அப்படி என்னங்க பெரிய வேலை, உங்க மருமகளுக்கு?"

என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆஸ்பத்திரியில பாஷை தெரியாம தவிக்கிறவங்களுக்கு, உசுரு போற நேரத்துல பேச ஒரு வாய் வேணும் இல்லையா? அந்த வாய் என் மருமகதான்யா!"