முனி கோயில் முன்னால் நின்றுபோன வேன்

பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அமிர்தலிங்கம் என் பக்கத்து வீட்டுக்காரர். மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் மனைவி மங்கம்மா அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து வீட்டில் அவர் குரல் உயர்ந்ததில்லை. வாரம் மூன்று தடவை தன் பழைய வேனில் அக்காவைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப் போவார்.

வழியில் மேடேறினால் சாலையோரம் ஒரு முனியாண்டி கோயில். தனியாகப் போனால் அமிர்தலிங்கம் ஹார்ன் அடித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அக்கா இருந்தால் அது நடக்காது. சாமி எதிரில் எஞ்சின் உறுமக் கூடாது. வண்டியை அணைத்து, இறங்கி, சூடம் கொளுத்தி, மெல்லச் சுற்றி வந்தால்தான் அக்காவின் மனம் ஆறும்.

சென்ற மாதம் வேன் அங்கேதான் மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. வெகு நேரம் கழித்துத் தானாகவே கிளம்பியது. அடுத்த தடவையும் அதே இடம், அதே கதை. பேட்டரியை மாற்றினார், பெட்ரோல் பம்பை மாற்றினார், பயனில்லை. அக்கா ஏறாத நாளிலோ எங்கேயும் நிற்காமல் சமர்த்தாக ஓடியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றேன். யார் கேட்டார்கள்?

"முனி என்னைக் கூப்பிடுறாருங்க. நான் ஏறுனாத்தானே நிக்குது? போதும், இனிமே நான் வரல" என்றுவிட்டார் அக்கா.

இரண்டு தடவை போகவில்லை. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. அமிர்தலிங்கம் கெஞ்சினார், டாக்சி கூப்பிட்டார். சாமியே சொன்ன பிறகு எந்த வண்டியானால் என்ன என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முனியையே நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கடைசியாக, பகாவில் பட்டறை வைத்திருக்கும் ரோகினியிடம் போனோம். கணினியை மாட்டிப் பார்த்தாள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி இருக்கறப்ப மட்டும் என்னா வித்தியாசமா செய்றீங்க, அங்கிள்?"

"கோயில்ல நிப்பாட்டுவோம்."

"எஞ்சின ஆஃப் பண்ணிட்டா?"

"ஆமாலா, சாமி முன்னுக்கு ஓட விடுவாங்களா?"

உடனே எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் வேனை ஓட்டினாள். கோயில் வருவதற்குச் சற்று முன்பே ஓரங்கட்டி அணைத்தாள். காத்திருந்து சாவியைத் திருப்பினாள். பிடிக்கவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து, அங்கிருந்த ஒரு சென்சார் மேல் குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றித் திருப்பினாள். பிடித்துக்கொண்டது!

எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்கிற சென்சாராம் அது. ஓடும்போது காற்றுப் பட்டுச் சமாளிக்கிறது. மேடேறிக் கொதிக்கும் எஞ்சினை அணைத்ததும் சூடெல்லாம் அதில் ஏறி, வேலை நின்றுபோகிறது. ஆறினால் மறுபடி வேலை செய்கிறது. பட்டறைக்குத் திரும்பிப் புதிதை மாட்டி, அதே மேட்டில் மறுபடி அணைத்துப் பார்த்தோம். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

அமிர்தலிங்கம் பழைய சென்சாரோடு வீட்டுக்குள் ஓடினார். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப முனி என்னைக் கூப்பிடலையா?"

"இல்ல புள்ள."

"அப்ப நான் இன்னும் கொஞ்ச நாளு இருக்கலாமாங்க?"

அந்தக் கோபக்கார மனிதர் வாய்விட்டு அழுதார். அக்காவின் வீங்கிய காலில் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு அக்காவைத் தாங்கிப் போய் வேனில் உட்கார வைத்தோம்.