வீட்டுக்குள் ஒரு பேட்டரித் திருடன்

லாரி நிறுத்தத்தில் அவனைச் 'சிடுசிடு' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அதற்கும் சிடுசிடுப்பான். சொந்தமாக ஒரு பழைய டீசல் லாரி, அதை அவனோடு மாறி மாறி ஓட்ட ஒரு தம்பி, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க ஒரு மனைவி. அவ்வளவுதான் குடும்பம்.

அந்த லாரி ஒரு வாரமாகக் காலையில் மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுழலாமல், காய்ச்சல்காரன் முனகுவதுபோல் "ங்ங்... ங்ங்..." என்று இழுத்தது. பேட்டரி இரண்டும் புத்தம் புதுசு. சிடுசிடு யோசித்தானா? அவனாவது, யோசிப்பதாவது! புதுசை விற்றுவிட்டுத் தம்பி பழசை மாட்டிவைத்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டான்.

"இனிமே லாரில ஏறுன, காலை ஒடிச்சிடுவேன். திருட்டுப் பயலே!" நிறுத்தமே வேடிக்கை பார்க்கக் கத்தினான்.

"அண்ணே, சத்தியமா நான் தொடல."

"திருடுறவன் எல்லாம் இதத்தான்டா சொல்லுவான்!"

தம்பி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"கூடப் பொறந்தவனத் திருடன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?" என்று மனைவி அழுதாள். அவளுக்கும் திட்டு விழுந்தது. அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. திருட்டை நிரூபித்தே தீருவது என்று, லாரியைச் சரிவில் உருட்டிக் கிளப்பி, ஒயரிங் கடை அக்காவிடம் கொண்டுபோனான். அந்த அக்காவுக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கும்.

"பேட்டரி பழசுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுக்கா. அவன் மூஞ்சில கொண்டுபோய் வீசறேன்."

"எல்லாம் நீயே கண்டுபிடிச்சிட்டா நான் எதுக்கு? வண்டிய ஆஃப் பண்ணு. முன் லைட்டப் போட்டுட்டு செல்ஃப் அடி."

வெளிச்சம் கடைச் சுவரில் விழுந்தது. செல்ஃப் முனகியது. வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை.

"பாத்தியா? பேட்டரி செத்திருந்தா லைட்டும் படுத்திருக்கும். பேட்டரி மேல குத்தமே இல்ல."

"அப்ப செல்ஃப்ல எதையோ கழட்டிட்டான்!"

"வாய மூடிட்டு மறுபடி அடி."

அடித்தான். அவள் லாரிக்கு அடியில் புகுந்தாள். "இங்க வா. இந்த போல்ட்டத் தொடு."

தொட்டவன் "ஐயோ!" என்று கையை உதறினான். இன்ஜினையும் லாரியின் இரும்புச் சட்டத்தையும் இணைத்து, கரண்டைத் திருப்பி அனுப்பும் எர்த் பட்டையின் போல்ட் அது. அடுப்பிலிருந்து எடுத்ததுபோல் கொதித்தது. அக்கா அதைக் கழற்றினாள். பட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் தடிமனாக நீலப் பெயிண்ட்.

"கரண்டு போக வழியில்லாம இங்கயே சூடாகுது. எர்த்துக்கு அடியில பெயிண்ட் அடிச்ச மடையன் யாருடா?"

வேறு யார்? போன வாரம், லாரி புதுசு மாதிரி மின்ன வேண்டும் என்று பட்டையைக் கழற்றி, பெயிண்டைப் பூசி, அதன் மேலேயே முடுக்கியவன் அவன்தான். தம்பியை பிரஷ்ஷைத் தொடக்கூட விடவில்லை.

அக்கா இரும்பு தெரியும்வரை சுரண்டி, பட்டையை முடுக்கினாள். சாவியைத் திருப்பினான். லாரி சட்டென்று கிளம்பிவிட்டது. தன்மேலேயே வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? கதவை ஓங்கி அறைந்தான்.

"கதவு என்ன பண்ணுச்சு உன்னைய?" என்றாள் அக்கா.

நேராகச் சரக்குக் கிடங்குக்கு விட்டான். அங்கே யாருடைய லாரிக்கோ தம்பி தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான்.

"எர்த்துதான்டா கோளாறு. நான்தான் பெயிண்ட் மேல முடுக்கிட்டேன். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. வா, ஏறு." கெஞ்ச வந்தவன் குரல் அதட்டலாகத்தான் வந்தது.

தம்பி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "பேட்டரி நல்லாருக்குன்னு தெரிஞ்சதும் வந்திருக்க. நெசமாவே அது கெட்டுப்போயிருந்தா?"

சிடுசிடு அவன் ஏறுவதற்காகக் கதவைத் திறந்து பிடித்தான்.

"சாகற வரைக்கும் நான் திருடன்தானேண்ணே?" என்று கேட்டுவிட்டு, தம்பி அடுத்த கயிற்றை எடுத்தான்.